திருடனும் பூட்டுச் செய்தவனும்



களவுக்கு உதவுகிறவனும் ஏழாம் கற்பனையை மீறுகிறான் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். தடுக்கக் கூடியவன் சும்மா இருந்தால்?

அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கம்பெனிகள் 2022-க்கு முந்திய பத்தாண்டில் விற்ற கார்கள் பலவற்றில், உரிய சாவியின்றி எஞ்சினை ஓடவிடாத மின்னணுத் தடைக்கருவி இல்லை. யு.எஸ்.பி. கம்பியின் நுனியைக் கொண்டே இவற்றைக் கிளப்பும் வித்தை 2022-ல் டிக்டாக் மூலம் பரவிற்று. இந்தக் களவுகளால் எட்டுப்பேராவது மாண்டதாக 2023 பிப்ரவரியில் சர்க்கார் அறிவித்தது.

எங்கள் கார்கள் சட்டத்துக்கு உட்பட்டவையே என்றன கம்பெனிகள். மெய்தான். ஆனால் கானடாவில் 2007 முதல் சட்டம் கேட்டபடியால், அங்கே அதே கருவியைப் பொருத்தித்தான் விற்றார்கள். ஆகையால் அறியாமையென்று சொல்ல இடமில்லை.

பிறர் களவில் பங்குபெறும் ஒன்பது வகைகளை அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் எடுத்துச் சொல்லுகிறார். தடுக்கக் கடமைப்பட்டிருந்தும் தடுக்காதவன் ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. வழிப்போக்கனுக்கு அந்தக் கடமையில்லை. செய்து விற்றுப் பணம் வாங்கினவனுக்கு உண்டு என்றே நினைக்கிறேன். குழிவெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்குக் கிரயம் கொடுக்கும்படி யாத்திராகமம் 21-ம் அதிகாரம் விதிக்கிறது. வெட்டியது பாவமென்று அங்கே சொல்லவில்லை, மூடாததுதான் குற்றம்.

இதனால் திருடின பையன் தப்பிவிடான். பூட்டாத வீடும் பிறன் வீடுதானே!

2023-ல் கம்பெனிகள் இலவசமாக மென்பொருளைத் திருத்திக் கொடுத்தன. வழக்கில் சுமார் 20 கோடி டாலருக்கு இசைந்தன. அது காரின் சொந்தக்காரருக்கு. மாண்டவர் வீட்டாருக்குச் செய்யவேண்டிய ஈட்டை எப்படிக் கணக்கிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.