சொன்ன வாய் மாறலாமா?

சொந்தமில்லாத நிலத்தைத் தன்னுடையது என்று நம்பவைத்து ஒருவர் விற்றுவிடுகிறார். பிற்பாடு அதே நிலம் நிஜமாகவே அவர் கைக்கு வருகிறது. உடனே, "விற்றபோது எனக்கு உரிமையே இல்லை, கிரயம் செல்லாது" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்கவே அவரை விடக்கூடாது என்றது 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. இன்றைய பாரதிய சாக்ஷ்ய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது.

இதற்குப் பெயர் முரண்தடை. ஆங்கிலத்தில் 'எஸ்டாப்பல்'. துளையை அடைக்கும் தக்கையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் வாய்க்கும் அப்படியோர் அடைப்பு!

மனம் மாறுவதைச் சட்டம் குற்றமாக்கவில்லை. நம் பேச்சை நம்பி ஒருவர் பணத்தைப் போட்டு, காரியத்தில் இறங்கிவிட்டாரா என்றுதான் கேட்கிறது. இறங்கிவிட்டார் என்றால், சொன்ன சொல் நம்முடையது மட்டுமில்லை. அதில் அவருக்கும் பங்கு உண்டு. வாக்குக் கொடுக்குமுன் யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.