மருந்து யாருக்கு?

வீட்டில் இருப்பது ஒரே பலகாரம், குழந்தைகளோ இருவர் என்றால் தாய் பிட்டுக் கொடுத்துவிடுவாள். மருந்தை அப்படிப் பிட்டுக் கொடுக்க இயலாது. பாதி மருந்து கிருமியைக் கொல்வதில்லை, பழக்கிவிடுகிறது.

1946-இல் பிரிட்டனுக்கு இந்தச் சங்கடம் வந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1943-இல் அமெரிக்காவில் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைஸின் க்ஷயரோகக் கிருமியை அழிக்கும் என்று தெரிந்திருந்தது. ஆனால் யுத்தத்தில் கஜானா காலியான தேசம் அது. டாலர் இல்லை, கிடைத்த மருந்து சொற்பம்.

க்ஷயத்தில் மிகக் கொடியது, கிருமி மூளையைப் போர்த்திய சவ்வைப் பற்றுவது. அகப்படுவது பெரும்பாலும் சிறு குழந்தைகள். முதலில் விளையாட மனமின்றிச் சிணுங்கும். பிறகு வாந்தி, ஓயாத உறக்கம். சில வாரங்களில் முடிந்துவிடும். அதுவரை அதிலிருந்து மீண்ட குழந்தை இல்லையென்றே சொல்லலாம். ஆகவே மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இங்கே தர்க்கம் பேசவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று எந்தக் குழந்தையையும் மருந்தின்றி விட்டுவைக்கவும் இல்லை.

நுரையீரல் நோயாளிகளுக்கோ தாமாகத் தேறும் வாய்ப்பும் இருந்தது. அங்கே உறையிட்ட சீட்டு முடிவு செய்தது. 107 பேரில் 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்தார்கள்.

கொடுமை என்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீட்டு இல்லாவிட்டால் சிபாரிசுக் கடிதம் வந்திருக்கும். சீட்டுக்கு மாமன் மச்சான் கிடையாது. ஆனால், மருந்து பெறாதவர்களுக்குத் தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்பதையே சொல்லவில்லை. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குழந்தைகளுக்குக் கிடைத்த சலுகையும் லேசானதல்ல. முதுகுத்தண்டில் ஊசி, வாரக்கணக்கில். பிழைத்தவர்களில் சிலருக்குக் காது கேட்காமல் போயிற்று. அதில் நோய்க்கும் பங்கு, மருந்துக்கும் பங்கு. இன்று மேலான மருந்துகள் உண்டு. பிறந்தவுடன் போடும் பி.ஸி.ஜி. ஊசியும் பல குழந்தைகளைக் காக்கிறது. இருந்தும் சிகிச்சை பெறும் குழந்தைகளிலேயே ஐந்தில் ஒன்று ஏறக்குறைய இறந்துபோகிறது. மீள்பவர்களில் சுமார் பாதிப்பேருக்கு ஏதேனும் ஒரு குறை தங்கிவிடுகிறது.

காதா, உயிரா என்று கேட்டால் எந்தத் தாயும் யோசிக்கமாட்டாள். இரண்டு வயதுக் குழந்தையிடம் கேட்கவும் வழியில்லை. ஊசியைக் கண்டு அது அழுததைச் சம்மதம் என்றா கொள்வது, மறுப்பு என்றா? அழ அழத்தான் பிடித்துக்கொண்டு போட்டார்கள். நானாயிருந்தாலும் பிடித்துக்கொண்டிருப்பேன்.