ஐந்து விநாடிப் பொறுமை

சுண்டெலியின் பொறுமையை அளக்க ஒரு பெட்டி இருக்கிறது. அதன் ஒரு சுவரில் வரிசையாக 5 துளைகள். ஏதாவது ஒரு துளையில் கண நேரம் விளக்கு எரியும். அந்தத் துளையில் எலி மூக்கை நுழைத்தால் எதிர்ச்சுவரில் தீனி கிடைக்கும். ஆனால் விளக்கு எரியும்வரை 5 விநாடி அது சும்மா இருந்தாக வேண்டும். பொறுக்காமல் மூக்கை நீட்டிவிட்டால் பெட்டி இருண்டுவிடும், தீனியும் கிடையாது. 1980களில் கேம்பிரிட்ஜில் ட்ரெவர் ராபின்ஸும் உடனிருந்தவர்களும் பெரிய எலிகளுக்காக உருவாக்கிய சோதனை இது. பிறகு சுண்டெலிக்கும் வந்தது. முந்திக்கொண்டு நீட்டிய மூக்குகளின் எண்ணிக்கைதான் அந்த எலியின் அவசரத்துக்கு அளவு. இந்த அளவை விடலைப் பருவத்துச் சுண்டெலியிடம் எடுக்கும்போது அறம் பேசும் மரபுகளின் பழைய கேள்வி ஒன்று எழுகிறது. அடக்கம் என்பது நாம் முயன்று தேடும் குணமா, உடம்பு தரும் திறனா? அது உடம்பில் முளைத்து, நம்பத் தகுந்த சூழலில் வளர்வது என்றே நான் கருதுகிறேன். அப்படியானால், வளர்ந்து முடியாத வயதில் ஒருவரிடம் அது இல்லை என்பதற்காக முழுப்பழியையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை.

அளக்கும் முறையைச் சற்று உற்றுப் பார்ப்போம். சுண்டெலிக்குட்டி மூன்று வாரத்தில் தாய்ப்பாலை மறக்கிறது. ஏறக்குறைய நான்காவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை அதன் விடலைப் பருவம். எட்டு வாரத்தில் அது வளர்ந்த எலி. ஐந்து துளைச் சோதனையின் விதிகளைக் கற்கவோ பல வாரம் பிடிக்கும். பாடம் முடிவதற்குள் பருவமே முடிந்துவிடும். அதனால் விரைவில் கற்கக்கூடிய சோதனைகளைத் தேட வேண்டியிருக்கிறது. ரோமில் ஆட்ரியானியும் லாவியோலாவும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒன்றைக் கையாண்டார்கள்: ஒரு துளையில் கொஞ்சம் தீனி உடனே, இன்னொன்றில் அதிகத் தீனி தாமதமாக. விடலைச் சுண்டெலிகள் வளர்ந்தவற்றைவிடத் தாமதத்தைப் பொறுக்காதவையாக இருந்தன. ஆனால் இத்தகைய சோதனைகளில் எலி தீனிக்காக உழைக்க வேண்டும் என்பதற்காக அதைப் பசியோடு வைத்திருப்பது வழக்கம். பெரும்பாலும் இயல்பான எடையில் 85 சதவீதம் அளவுக்கு இறக்கிவிடுவார்கள். வளர்ந்த எலிக்கே அது பசி. நாளுக்கு நாள் எலும்பும் தசையும் கூடுகிற குட்டிக்கு அது இன்னும் கொடிய பசி. ஆக, நாம் குறித்துக்கொள்ளும் எண்ணில் அவசரத்தை அடக்கும் முன்மூளையின் முதிராமையும் இருக்கிறது, குறைந்த பயிற்சியும் இருக்கிறது, நாமே உண்டாக்கிய பசியும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து அந்தப் பிராணியின் சுபாவம் என்று பெயரிட்டுவிட முடியாது.

எலிக்கு ஏது அடக்கம், ஏது அடக்கமின்மை என்று ஒருவர் மறுக்கலாம். அரிஸ்டாட்டிலே அப்படித்தான் சொன்னார். நிகோமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில், நல்லது எது என்று பொதுவாக அறிந்திருந்தும் அதற்கு மாறாக நடப்பதே அடக்கமின்மை, விலங்குகளுக்கு அந்தப் பொது அறிவே இல்லை, ஆகவே அந்தக் குறையும் அவற்றுக்கு இல்லை என்கிறார். இது வலுவான வாதம். சுண்டெலியை ஒழுக்கம் கெட்டது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் காத்திருத்தல் என்ற செயல் அந்தப் பொது அறிவுக்கு முந்தியது. காலம் அறிதலைச் சொல்ல வந்த வள்ளுவர் உவமைக்கு எடுத்துக்கொண்டது பின்வாங்கி நிற்கும் ஆட்டுக்கடாவையும் அசையாது நிற்கும் கொக்கையும்தான். அந்தக் கொக்கு காத்திருக்க மட்டும் செய்யவில்லை, நேரம் வாய்த்ததும் தாமதிக்காமல் கொத்துகிறது. வள்ளுவர் போற்றுவது வெறும் பொறுமையை அல்ல. எப்போது பொறுப்பது, எப்போது பாய்வது என்று அறியும் திறனை. அந்தத் திறனின் வேர் விலங்கு உடம்பில் இருக்கிறது, அறநெறி அதன்மேல் எழும்புகிறது. வேரே முற்றாத வயதில் அதிலிருந்து கனியை எதிர்பார்க்க முடியாது.

உடம்பு மட்டுமே எல்லாம் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் செலஸ்ட் கிட்டும் உடன் ஆய்வாளர்களும் சிறு பிள்ளைகளிடம் செய்த சோதனை இதற்குச் சான்று. படம் வரைய இன்னும் நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுத்துப் போவார். சில பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்; சிலரிடம் வெறுங்கையோடு திரும்பி மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை முன்னால் வைத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று என்றார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் சுமார் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளை சீக்கிரமே எடுத்துத் தின்றது அடக்கமின்மையால் என்று எப்படிச் சொல்வது? வருமென்ற உறுதி இல்லாத இடத்தில் கையில் இருப்பதைத் தின்பது அறிவுள்ள செயல். காத்திருப்பதற்கு நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கையைத் தர வேண்டியவர்கள் பெரியவர்கள்.

இப்படியே போனால் யாரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாதே, பாதிக்கப்பட்டவருக்கு என்ன பதில் என்பது அடுத்த மறுப்பு. இது நியாயமான கவலை. ஆனால் பொறுப்பு என்பது உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலை கொண்டதல்ல. அதற்கு அளவு உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் ரோப்பர் வழக்கில், 18 வயது நிரம்பாமல் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்றபோது குற்றத்தை மன்னிக்கவில்லை. அந்த வயதின் முதிராமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. நம் நாட்டு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ, கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு மனத்திறன் எவ்வளவு என்று முன்மதிப்பீடு செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பவும் இடம் தருகிறது. வயதும் பசியும் பயிற்சியும் இன்னதென்று தெரிந்த பிராணியிடமே, நாமே கட்டிய பெட்டிக்குள், அவசரத்தை மட்டும் தனியே பிரித்து அளக்க இவ்வளவு பாடு. குற்றம் நடந்து நாள்கள் கழிந்தபின், அச்சத்தில் இருக்கும் ஒரு பையனை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அந்த நொடியில் அவனிடம் எவ்வளவு அடக்கம் இருந்தது என்று கண்டுபிடிக்கும் அளவுகோல் யாரிடமும் இல்லை. அந்த முன்மதிப்பீட்டுப் பிரிவைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும்.