தந்தையின் அன்பும் ஆட்டக்காரர் பட்டியலும்

குடும்பத்தின்மீது உயிரையே வைத்திருந்த ஒருவர் இறந்துவிட்டால், அடக்கத் திருப்பலியில் அவரைக் குறித்துப் பேசுவது எளிது. ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்றுக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவரைக் குறித்துப் பேசுவதும் எளிதே. ஒருவரே இரண்டுமாக வாழ்ந்திருந்தால்தான் நெருடலான வினா ஒன்று எழுகிறது. தம் பிள்ளையும் ஊரார் பிள்ளையும் ஒரே இடத்திற்காகத் தம்முன் வந்து நின்றபோது அவர் என்ன செய்தார்?

இவ்வினா எழும்போதெல்லாம் ஐதராபாத்தின் சையது அப்துல் ரகீம் என் நினைவுக்கு வருகிறார். 1909-ஆம் ஆண்டு பிறந்த இவர் பள்ளி ஆசிரியர், கால்பந்துப் பயிற்சியாளர். இவரிடம் பயின்ற ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணி 1951-இல் புதுதில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றதும், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தை எட்டியதும் இவருடைய பயிற்சியில்தான். 2024-இல் வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படத்தால் இன்றைய இளைஞரும் இவர் பெயரை அறிவர்.

ரகீம் கண்டெடுத்த ஆட்டக்காரர்களுள் துளசிதாஸ் பலராமும் ஒருவர். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நெடுந்தொலைவு கடந்து பயிற்சிக்கு வர வழியில்லாத வறுமை. வாடகை மிதிவண்டிக்கான காசை ரகீமே கொடுத்து அவரை வரவழைத்தார். அந்தக் காசு ஆசிரியர் ஒருவரின் சொந்தக் காசு என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக். ரகீமின் மகன் சையது சாகித் அக்கீமும் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. தொடக்கத்தில் களமிறங்கும் பதினொருவரே இறுதிவரை ஆடவேண்டும். அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகளோடு இந்தியா மூன்று ஆட்டங்கள் ஆடியது. பலராம் ஆடினார், கோலும் அடித்தார். அக்கீமோ மூன்றிலும் களமிறங்கவில்லை.

இதைக் கேட்டவுடன் கன்றின் பொருட்டுத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனை நினைப்பது தமிழருக்கு இயல்பு. ஆயினும் அவ்வொப்புமை பொருந்தாது என்றே கருதுகிறேன். சோழன் மகன் மீது ஒரு பழி இருந்தது. அக்கீம் செய்த குற்றம் யாதுமில்லை. நீதி என்றாலே பெற்ற பிள்ளையைப் பலிகொடுத்துக் காட்டவேண்டும் என்னும் எண்ணமும் அவ்வளவு நலமானதன்று.

புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் இருவேறு இடங்களில் இதனைத் தொடுகிறார். அன்பின் ஒழுங்கைப் பற்றிப் பேசுமிடத்தில், நமக்கு நெருங்கியவர்களை மிகுதியாக அன்பு செய்வது முறையே என்கிறார். பெற்ற பிள்ளையையும் வழிப்போக்கனையும் ஒரே அளவில் நேசிக்கச் சொல்லும் வறட்டு நீதி அவருடையதன்று. நீதியைப் பற்றிப் பேசுமிடத்திலோ, பதவியையும் பணியையும் தகுதி நோக்காமல் உறவு நோக்கி வழங்குவதை ஆள்பார்த்துச் செயல்படும் பாவம் என்கிறார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவா? இல்லை. நம்முடையதைக் கொடுப்பது வேறு. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பங்கிடுவது வேறு. செபதேயுவின் மனைவி தன் மக்களுக்காக வலப்புறமும் இடப்புறமும் இருக்கை கேட்டபோது, ஆண்டவர் அத்தாயின் அன்பைக் கண்டிக்கவில்லை.

இதில் நுட்பமான மற்றொரு செய்தியும் உண்டு. உறவினர் பிறரோடு சமமான தகுதி உடையவராயின் அவரைத் தேர்வது குற்றமாகாது என்றும், அது பிறருக்குத் தவறான முன்மாதிரியாகும் நிலை இருந்தால் விட்டுக்கொடுத்தல் தகும் என்றும் தோமா கூறுகிறார். ஆகவே ஊர் வாய்க்கு அஞ்சித் தகுதியுள்ள மகனை ஒதுக்குவதும் எளிதாகப் போற்றத்தக்கதன்று. ‘என் மகன்’ என்பதற்காகச் சேர்த்தாலும் ஆள்பார்த்தலே, ‘என் மகன்’ என்பதற்காகவே விலக்கினாலும் ஆள்பார்த்தலே. பங்குத் திருவிழா நாடகத்திற்குப் பாத்திரம் பங்கிடும் கனகம்மாசத்திரத்து ஆசிரியர்கள்கூட இவ்விரு பள்ளங்களுக்கும் நடுவில்தான் நடக்கவேண்டியிருக்கிறது. முகத்தாட்சணியம் நம் ஊர்களில் நற்பண்பாகவே எண்ணப்படுவதால் அவர்கள் பாடு இன்னும் கடினம்.

அன்பு மிகுந்த தந்தைக்கு மகனை ஓரத்தில் அமர்த்துவது எளிதாகவா இருந்திருக்கும்? பலராமுக்குத் தம் பணத்தைக் கொடுக்க அவருக்கு உரிமை இருந்தது. நாட்டின் சீருடையை மகனுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க இல்லை. மகனுக்கென்று அவர் கொடுக்கக்கூடியதாய் இருந்தது அவர் கற்ற கலை ஒன்றே.

1962 செப்டம்பர் 4-ஆம் நாள் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா மீண்டும் ஆசியத் தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ரகீம் புற்றுநோயால் காலமானார். அக்கீம் விமானப்படையில் அதிகாரியானார்; தந்தையைப் போலப் பயிற்சியாளருமானார். 2017-இல் தியான்சந்த் விருது பெற்று, 2021 ஆகஸ்டு 22-இல் மறைந்தார். இடையில் அவர் ஏற்ற மற்றொரு பணி, எந்த அணியையும் தன் அணி என்று சொல்லிக்கொள்ள இயலாத பன்னாட்டு நடுவர் பணி.