மலைமேல் சொல்லும் கதைகளும் பொய்யாமை விரதமும்

விடுமுறை நாட்களில் நம் குடும்பத்தார் மக்களுடன் பழம்பள்ளிகளைக் காணப் புறப்படுவது நல்வழக்கமாகும். திருமலை, சித்தன்னவாசல், கழுகுமலை, மதுரையைச் சூழ்ந்த குன்றங்கள் எனச் செல்லுமிடமெல்லாம் பெரியோர் கதை சொல்வர், சிறுவர் கேட்பர். பாறையைத் தொட்டுக்கொண்டு கேட்ட கதை எளிதில் மறவாது. ஆதலின் ஒரு வினா எழுகின்றது. அங்கே நாம் சொல்லும் கதைகளுக்குப் பொய்யாமை என்னும் அணுவிரதம் பொருந்துமா?

பொருந்தும் என்பதே நம் ஆசாரியர் நெறி. இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் இவ்விரதத்தைப் பெரும்பொய் கூறாமை என்ற அளவில் நிறுத்தவில்லை. பிறரைக் கூறச் செய்யாமையையும், மெய்யே ஆயினும் பிறர்க்குக் கேடு விளைப்பதைச் சொல்லாமையையும் அதனுள் அடக்குகின்றார். இவ்வளவுகோலைக் கையில் கொண்டு மூவகைக் கதைகளை நோக்குவோம்.

முதலாவது, மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் கதை. இது திருஞானசம்பந்தர் காலமாகிய 7-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. ஆயின் இதனை விரித்துரைக்கும் பெரியபுராணம் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த நூல். நிகழ்ந்ததாகக் கூறும் காலத்துக் கல்வெட்டு எதுவும் இதற்குச் சான்று தரவில்லை. சமயப் பூசலே இல்லை என்றும் நாம் சொல்ல இயலாது. சமணரைக் கடிந்துரைக்கும் மொழிகள் தேவாரத்திலேயே உள்ளன. ஆயினும் இக்கதையை முடிந்த வரலாறாகக் கேட்கும் பிள்ளை, பாண்டிய நாட்டில் நம் அறம் அன்றோடு அழிந்தது என்றும், அண்டை வீட்டார் நம் பகைவர் வழியினர் என்றும் எண்ணிக்கொள்ளும்.

அம்முதல் எண்ணத்தை மலைகளே மறுக்கின்றன. கீழக்குயில்குடிச் சமணர் மலையின் திருமேனிகள் 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பர் அறிஞர். அங்குப் பேச்சிப்பள்ளத்துத் திருமேனி ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று வட்டெழுத்து உரைக்கின்றது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுக்கியவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர். காலம் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபனின் 9-ஆம் நூற்றாண்டு ஆட்சி. அழிந்துபோன சமூகம் இருநூறு ஆண்டுகள் கழித்துக் கோயில் புதுக்குமா? மகனைத் துறவுக்கு அளித்த ஒரு தாய் அருகன் திருமேனியை அமைத்தாள் என்பதன்றோ பிள்ளைகள் அங்கே கேட்க வேண்டிய செய்தி!

இரண்டாவது, ஊரார் சொல்லும் கதைகள். முனிவர் துயின்ற கற்படுக்கையைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். தீர்த்தங்கரர் வீற்றிருக்கும் குகையைச் செட்டிப்புடவு என்பர். இது கேட்டுச் சினப்பவர் நம்முள் உளர். அச்சினம் முறையன்று. அப்பெயர்களை இட்டு வழங்கியவர் அவ்விடத்தை மறந்துவிடவில்லை. தாம் அறிந்த பெயரால் நினைவு கூர்ந்தனர். ஒரு பொருளைப் பல நோக்கால் அறியலாம் என்னும் அநேகாந்தம் நூலில் மட்டும் இருந்தால் போதாது. அவர்தம் கதையைக் கேட்டு, நாம் அறிந்ததை அன்புடன் சொல்லி வருவதே தக்கது.

மூன்றாவதே கடினமானது, அது நம் சொந்தக் கதை. பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியர் திருவடிகளை வணங்குகின்றோம். திருக்குறளை அருளியவர் அவரே என்பது நம் முன்னோர் வழிவழியாகப் போற்றும் மரபு. அதனை மரபு என்று சொல்லுதல் மெய்; கல்வெட்டால் நிறுவப்பட்டது போலச் சொல்லுதல் பொய். பிறர் புராணத்துக்குச் சான்று கேட்கும் நாம், நம் மரபுக்கு வேறு அளவுகோல் கொள்ளலாகாது. அது மானம் என்னும் கஷாயத்தின் வேலை.

“இவ்வாறு சலித்தெடுத்தால் சுவை ஏது? சிறுவர் மலையேறுவரோ?” என்று கேட்கலாம். செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் இரு வரிசையாக அமர்ந்துள்ளனர். அருகே ஒரு சிறு கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உடல் நீத்த இடம் இது என்பதே அதன் செய்தி. அரசன் பெயர் இல்லை, அற்புதம் இல்லை, புகழ்மொழி ஒன்றேனும் இல்லை. நாட்கணக்கு மட்டும் உண்டு. ஒன்று, இரண்டு என்று ஐம்பத்தேழு வரை பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். முப்பதை எட்டுமுன்னரே அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். இதனினும் சுவையான கதையை யார் புனைய வல்லார்?

எனவே தலங்களுக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு சிறு நியமம் மேற்கொள்ளலாம். கல்லில் உள்ளதைக் “கல்வெட்டு கூறுகிறது” என்க. வழிவழி வந்ததை “முன்னோர் கூறுவர்” என்க. பகை வளர்க்கும் கதையாயின், அது எந்நூலில், எக்காலத்தில் எழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுக. இதற்குப் பொருட்செலவு இல்லை. நாவடக்கம் ஒன்றே வேண்டும். அம்மலைகளில் தவமிருந்தோர் நாவை அடக்கியவர்கள். அவர்கள் கற்படுக்கையின் முன் நின்று பேசும் நாமும் அதில் சிறிதேனும் பயில்வோமாக.

வளர்க அறம்.