தோற்றுக்கொடுத்தல்

கற்பிக்கிறவன் கற்கிறவனிடம் வேண்டுமென்றே தோற்கலாமா? அற்பக் கேள்வியாகப் படலாம். ஆனால் இதில் ஒரு பொய் இருக்கிறது. பிரியத்தின் பேரால் சொல்லப்படுவதால் அதைப் பொய்யென்று யாரும் எண்ணுவதில்லை.

பூம்புகாரில், எங்கள் வீட்டுத் திண்ணையில், எனக்கு ஆடுபுலி ஆட்டம் சொல்லித்தந்தவர்கள் இருவர். கரியால் கிழித்த கோடுகள், 23 சந்திகள். புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. (கோயில் மண்டபக் கல்தளங்களிலும் இதே முக்கோணம் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம்.) சின்னப்பாட்டி புலிகளை எடுத்துக்கொண்டு, வெட்ட வேண்டிய ஆட்டை வெட்டாமல் விட்டு, கடைசியில் "அடைச்சுட்டியேடா" என்று ஆச்சரியப்படுவாள். பெரியப்பா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஆறேழு ஆடுகளை வெட்டிவிட்டு, எந்த ஆட்டை எங்கே வைத்ததால் வழி திறந்தது என்று மட்டும் விரலால் காட்டுவார். பாட்டியிடம் ஜெயித்த ஆட்டம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. பெரியப்பாவிடம் தோற்றவை இருக்கின்றன. இதை வைத்துக் கண்டிப்பே ஆசிரிய லட்சணம் என்று முடிவு கட்டவும் நான் தயாரில்லை. அவரிடம் ஆட வந்த மற்றப் பையன்கள் பத்து நாளில் ஓடிப்போனார்கள்.

ஜப்பானியரின் கோ ஆட்டம் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. எனக்கு அது அறிமுகமானது கவபாட்டாவின் நாவல் வழியாக. 1938ல் முதிய ஆசான் ஷுசாய், கிதானி மினோருவிடம் தோற்ற ஆட்டத்தை வைத்து எழுதியது. நம் ஆடுகளின் தரப்புக்கும் கோவுக்கும் ஒரு உறவு உண்டு: ஒவ்வொன்றாக இறக்கி, சுற்றி அடைத்து, எதிரியை மூச்சுவிட இடமில்லாமல் செய்வது. அங்கே 361 சந்திகள். வைத்த கல் நகராது. பலம் குறைந்தவன், ஆட்டம் தொடங்குமுன்பே, 2 முதல் 9 கற்கள் வரை பலகையில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப்பின் ஆசிரியர் முழுப் பலத்தோடு ஆடுவதில் கொடுமை ஒன்றுமில்லை. ஏற்றத்தாழ்வு ஆசிரியரின் மனசுக்குள் இல்லை, எண்ணிப் பார்க்கும்படி பலகைமேல் கிடக்கிறது. மாணவன் வளர வளரக் கற்கள் குறையும். 1962ல் கிதானியின் சீடனாகக் கொரியாவிலிருந்து வந்த ஆறு வயதுச் சோ சிகுன், வந்த கையோடு, சபை முன்னிலையில், ரின் கைஹோவை ஐந்து கல் சலுகையில் வென்றான். அந்த வெற்றியின் அளவு எல்லோருக்கும் தெரியும். அந்த அளவுக்கு அது அவனுடையது.

குருவைப் பலகையில் வெல்வதை அங்கே நன்றிக்கடன் தீர்ப்பது என்கிறார்கள். ஏகலைவனிடம் கட்டைவிரல் கேட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விசித்திரம். தோற்றுக்கொடுப்பவர் இந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பையும் பறித்துவிடுகிறார். எந்த ஆட்டத்தில் நிஜமாக வென்றோம் என்பதே மாணவனுக்குத் தெரியாமல் போகிறது. (2016ல் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோவின் வழிவந்த நிரல்களிடம் இன்று பலர் பாடம் கேட்கிறார்கள். அவை இரக்கப்பட்டுத் தோற்பதில்லை. நிஜமாகத் தோற்றாலும் சந்தோஷப்பட அங்கே யாருமில்லை.)

இவ்வளவும் சொல்லத் தோன்றியது நம் சிறு வட்டத்தின் மதிப்புரைகளைப் படித்துத்தான். முதல் தொகுப்புகளுக்கு எழுதப்படும் முன்னுரைகளில் பெரும்பாலானவை சின்னப்பாட்டியின் ஆட்டம். இரண்டொரு பெரியப்பாக்களும் உண்டு. அவர்கள் கை பட்டபின் எழுதுவதையே விட்டவர்களை எனக்குத் தெரியும். 'ஒன்பது கல் கொடுத்துப் படித்தேன், அப்படியும் நான்கு கவிதைகளே தேறின' என்று ஏன் ஒருவரும் எழுதுவதில்லை? நாசூக்கு மட்டும் காரணமல்ல. கல்லை வைக்கப் பலகை வேண்டும். செய்யுளில் தளை தட்டினால் அதை யாரும் தொட்டுக் காட்டலாம். பாட்டு நன்றா என்பது வேறு விஷயம், இருவருக்கும் பொதுவான கோடுகளாவது இருந்தன. புதுக்கவிதை, நியாயமான காரணங்களுக்காகவே, அவற்றை அழித்தது. அதன்பின் சலுகை மதிப்புரையாளனின் தொனிக்குள் போய் ஒளிந்துகொண்டது; எத்தனை கல் என்று கவிஞனுக்கும் தெரியாது, பல சமயம் கொடுத்தவனுக்கும் தெரியாது.