மன்னிக்கும் உரிமை யாருக்கு?

காதற்கதை என்றதும் முகஞ்சுளிப்பது முற்போக்காளர் சிலரிடையே வழக்கமாகிவிட்டது. இலட்சக்கணக்கான மாணவியர் விரும்பிப் படிக்கும் ஒன்றைப் படித்துப் பாராமலே நச்சிலக்கியம் என ஒதுக்குதல் எளிது. அது அவர்தம் உள்ளங்களில் எத்தகைய அறவுணர்வை வளர்க்கிறது என்று ஆராய்வதே நமது கடமையாகும்.

யப்பானியப் பெண் எழுத்தாளர் யோகோ காமியோ எழுதி வரைந்த 'ஹனா யோரி தாங்கோ' என்னும் சித்திரத் தொடர்கதையை எடுத்துக்கொள்வோம். 'மார்கரெட்' என்ற மாணவியர் சஞ்சிகையில் 1992இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் வெளிவந்த இக்கதை, நூலுருவில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. 2001இல் தாய்வானிலும், 2005இல் யப்பானிலும், 2009இல் தென்கொரியாவிலும் தொலைக்காட்சி நாடகமாகவும் வந்தது.

கதை இதுதான். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் எய்ட்டொக்கு என்னும் பள்ளிக்கு, எளிய சம்பளக்காரர் ஒருவரின் மகளான சுக்குஷி வருகிறாள். பெருமுதலாளிகளின் வாரிசுகளான நான்கு இளைஞர் அங்கே கோலோச்சுகின்றனர். அவர்களின் தலைவன் டொமியோஜி. அவர்களுக்குப் பிடிக்காதவனுக்குச் சிவப்புச் சீட்டொன்று கிடைக்கும். அக்கணம் முதல் பள்ளி முழுவதும் அவனை வதைக்கும். அவன் பள்ளியை விட்டே ஓடவேண்டியதுதான். தோழி ஒருத்திக்காகப் பரிந்து பேசியமையால் சுக்குஷிக்கும் அச்சீட்டு வருகிறது. அவள் அழுது மன்றாடவில்லை, திருப்பி அடிக்கிறாள். அந்த அடியிலேயே டொமியோஜியின் காதல் பிறக்கிறது.

சுக்குஷி என்பது வசந்தத்தில் முளைக்கும் ஒரு காட்டுப் பூண்டின் பெயர். மிதிபட்டும் நிமிரும் இப்பெண்ணைப் படைத்த ஆசிரியரை நாம் பாராட்டவேண்டும். சிவப்புச் சீட்டின் இரகசியத்தையும் அவர் நன்கறிந்திருக்கிறார். நான்கு பேரால் ஒரு பள்ளியை அடக்கிவிட முடியாது. அடுத்த சீட்டுத் தனக்கு வந்துவிடுமோ என்றஞ்சும் நூற்றுக்கணக்கானோரின் கைகளே அக்கொடுமையை நிறைவேற்றுகின்றன. அதிகாரம் எங்கும் இவ்வாறுதான் இயங்குகிறது.

ஆயினும் கதை வளர வளர, வதைத்தவனே காதலனாகிறான். அவள் அவனை மன்னிக்கிறாள். தனக்கிழைத்த தீங்கை மன்னிக்க அவளுக்கு முழு உரிமையுண்டு. ஆனால் அவளுக்கு முன்னர் விரட்டப்பட்ட மாணவர்களின் சார்பில் மன்னிக்க அவளுக்கு உரிமை அளித்தவர் யார்? அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார்? காதலின் ஒளியில் அவர்களுடைய முகங்கள் மறைந்துபோகின்றன.

மனிதன் திருந்தக் கூடாதா, அன்பு அவனை மாற்றாதா என்று வினவுவோர் உளர். மாற்றும் என்பதை நாமும் நம்புகிறோம். எனினும், தான் காதலிக்கும் ஒருத்தியிடம் மென்மையாக நடத்தல் கொடியவனுக்கும் இயலும். தனக்கு எவ்வகையிலும் வேண்டாதவனிடம் அவன் எவ்வாறு நடக்கிறான் என்பதே திருந்தியமைக்குச் சான்றாகும்.

இவ்வுண்மையைக் கதாநாயகியே ஓரிடத்தில் உணர்த்துகிறாள். காதலைப் பிரிக்க எண்ணிய டொமியோஜியின் தாய், தன் பணபலத்தால் சுக்குஷியின் நண்பர் குடும்பங்களுடைய பிழைப்பையே கெடுக்க முனைகிறாள். அப்போது அவள் காதலனைத் துறந்து வெளியேறுகிறாள். தன் இன்பத்துக்கான விலையைப் பிறர் கொடுப்பதை அவள் மனம் ஒப்பவில்லை. தொடர் முழுவதிலும் உயர்ந்த இடம் இதுவே என்போம். கதை மறந்ததை அதன் நாயகி மறக்கவில்லை.

இத்தகைய கதைகளை மாணவியரின் கையிலிருந்து பறிப்பதால் பயன் விளையாது. அவர்களோடு அமர்ந்து நாமும் படிப்போம். இறுதியில் காதலர் இணைந்தனரா என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், சிவப்புச் சீட்டுப் பெற்று ஓடிய அந்த முதல் மாணவன் எங்கே என்றும் கேட்கப் பழக்குவோம்.